முகம் தெரிகிற தூரம்

சங்குமுனைக் கோட்டை அந்த வாரம் ஊருக்குள் பதினாறு அடி நகர்ந்து வந்திருந்தது. அதன் மதில் மெட்டில்டாவின் அடுக்களை வழியாகப் போயிற்று. அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு பீரங்கி வந்து நின்றது. வாய் கடலைப் பார்த்திருந்தது. எந்த வீட்டுக்குள் பீரங்கி வருகிறதோ அந்த வீட்டார்தான் அதைக் கவனிக்க வேண்டும். அது முறை. மெட்டில்டா பீரங்கியில் முட்டாமல் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டாள்.

காலையில் சுபேதார் லாசர் வந்தார். கோட்டையோடு வந்தவர். அவருடைய சட்டை இருநூறு வருடப் பழசு. நன்றாக இஸ்திரி போட்டிருந்தது.

"ஒம்பதாம் நம்பர் பீரங்கி ஒங்க பொறுப்பு, தாயி. இன்னைக்குக் கடல்லருந்து யாரு வாரா?"

"எங்க வீட்டுக்காரரு. வள்ளத்துல போயி பதினோரு நாளாச்சு."

"ரொம்ப நல்லது," என்றார் சுபேதார்.

அவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். முதலில் ஈரத்துணி சுற்றிய கழியைக் குழலுக்குள் விட்டுத் துழாவ வேண்டும். முந்தின வெடியின் நெருப்புத் துணுக்கு உள்ளே இருந்தால், புது மருந்து போடுகிறவரின் கை போய்விடும். பிறகு மருந்துப் பை. அதன் மேல் சணல் உருண்டை. அதன் மேல் குண்டு. பின்பக்கத் துளையில் கம்பியை விட்டுப் பையைக் குத்த வேண்டும். அந்தத் துளையில் கொஞ்சம் மருந்து தூவித் திரியைக் காட்டினால் போதும். மீன்குழம்பு வைப்பதை விடச் சுலபம். மெட்டில்டாவுக்கு இரண்டே தடவையில் வந்துவிட்டது.

"எப்பச் சுடணும்?" என்று கேட்டாள்.

"அதுக்கு வரலாறு தெரியணும்."

அவர் முகம் மலர்ந்தது. மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் மதிலில் இருந்த ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினார். உள்ளே ஒரு குண்டு பதிந்திருந்தது.

"இது கடல்பாறைக் கல்லு. கருங்கல்லுன்னா குண்டு பட்டதும் செதறும். இது முழுங்கிக்கிடும். மூலையெல்லாம் அம்பு மாதிரிக் கூரா இருக்குல்லா? வட்டமாக் கெட்டுனா அடியில எவனாவது ஒளிஞ்சுக்கிடுவான். கூரா இருந்தா ஒவ்வொரு மூலையும் அடுத்த மூலையோட காலடியப் பாத்துக்கிடும். இப்பிடி ஒரு கோட்டை இந்தக் கரையிலயே கெடையாது."

"அப்ப விழவே இல்லியா?"

"மூணு தடவ விழுந்துருக்கு. மூணும் ஒரே தப்பு."

கடலில் மரம் கிடையாது, கம்பம் கிடையாது. தூரத்தை எதைக் கொண்டு அளப்பது? கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டுதான். ஒரு மைலில் பாயின் ஒட்டுத் தெரியும். அரை மைலில் தலைகளை எண்ணலாம். கால் மைலில் முகம் தெரியும். குண்டு தவறாமல் விழுகிற இடம் அது. ஆனால் பறங்கியரும் ஒல்லாந்தரும் வைத்த பீரங்கிக்காரர்கள் தூரதேசத்தார். இந்தக் கரையில் அவர்களுக்கு எந்த முகமும் தெரியாது. தெரியட்டும் தெரியட்டும் என்று காத்திருந்தார்கள். வந்தவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"அதான் கோட்டையே மொகம் தெரிஞ்ச ஆளத் தேடி ஊருக்குள்ள வந்துட்டு," என்றார் சுபேதார். "மொகம் தெரிஞ்ச ஒடனே சுடணும். பொஞ்சாதிமாருக்குத்தான் சீக்கிரம் தெரியும்."

"அவரு எதிரி இல்லியே ஐயா."

"எதிரியா இல்லியான்னு தூரத்துக்குத் தெரியாது, தாயி."

அவர் திரியைக் கொளுத்தக் கிளம்பினார். மெட்டில்டா சன்னல் வழியாக அடுத்த வீட்டைப் பார்த்தாள். அங்கே பிலோமி அக்கா எட்டாம் நம்பர் பீரங்கியில் சாய்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யக்கா, நேத்துச் சத்தம் கேட்டுச்சே."

"எங்க கொழுந்தன்," என்றாள் பிலோமி. "கையை வீசுன தினுசிலயே தெரிஞ்சிட்டு. தெரியலன்னு சொல்லணும்னுதான் இருந்தேன். வாயி தானாப் பேரச் சொல்லிட்டு."

"பொறவு?"

"பொறவென்ன. எம்பேரு வரலாத்துப் பலகையில ஏறிட்டு. ஒரு கை உப்பு இருந்தாத் தாயேன்."

மெட்டில்டா உப்புக் கொடுத்தாள். பாதி தரையில் சிந்தியது.

மூன்று மணிக்குப் பாய் தெரிந்தது. அதன் நீல ஒட்டு அவள் தைத்தது. மேகம் என்று நினைத்துக்கொண்டாள். சுபேதார் எரிகிற திரியோடு பக்கத்தில் நின்றார்.

"தெரியுதா?"

"பாயிதான் தெரியுது."

வள்ளம் வளர்ந்தது.

"தெரியுதா?"

"நாலு தலை."

ஒரு தலைக்குச் சொந்தக்காரன் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலால் கெண்டைக்காலைச் சொறிந்தான். ஓடுகிற வள்ளத்தில் அப்படிச் செய்கிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

"மொகம்?"

"இல்ல ஐயா. மெழுகு பூசுன மாதிரி இருக்கு."

அவன் வாயருகே கை குவித்துக் கூவினான்.

"ஒங்க பேரத்தான சொல்லுதான்!" என்றார் சுபேதார்.

"இந்தத் தெருவுலயே எட்டு மெட்டில்டா இருக்கு."

வள்ளம் மதிலின் காலடிக்குள் நுழைந்துவிட்டது. அவ்வளவு கீழே பீரங்கியைத் தாழ்த்த முடியாது. சுபேதார் தொப்பியைக் கழற்றினார்.

"விழுந்துட்டு," என்றார். "நாலாவது தடவ."

அவருக்குக் கோபம் இல்லை. விழுந்தால் செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தார். சாவிக்கொத்தை எடுத்தார். பீரங்கியை உள்பக்கமாகத் திருப்பினார். அதன் வாய் மெட்டில்டாவின் மார்புக்கு நேரே வந்து நின்றது.

"உள்ள வந்தவருதான் இனி கோட்டைக்குச் சொந்தம். பழைய பீரங்கிக்காரங்கள அவருக்குக் காட்டணும். அவரு மொகத்தப் பாப்பாரு."

"பாத்து?"

"முறை ஒண்ணுதானே, தாயி."

படியில் கால் சத்தம் கேட்டது. எந்தக் கால் என்று அவளுக்குத் தெரிந்தது. துழாவுகிற கழியில் அப்பியிருந்த வெடிக்கரியை இரண்டு கையாலும் வழித்து முகம் முழுக்கப் பூசிக்கொண்டாள். முந்தானையை நெற்றி வரை இழுத்தாள்.

அவள் புருஷன் கஸ்பார் ஒரு சீலா மீனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"இங்கன ஒரு வீடு இருந்துச்சே?"

"வரலாத்துல இல்ல, ஐயா," என்றார் சுபேதார். மீனை வாங்கிக்கொண்டார். சாவிக்கொத்தை அவன் இடுப்பில் மாட்டினார். திரியைக் கையில் கொடுத்தார். கொடுத்ததை வாங்கிக்கொள்வான் கஸ்பார். எப்போதும் அப்படித்தான்.

"இந்தப் பொம்பளையத் தெரியுதா?"

அவன் கண்களில் பதினோரு நாள் வெயில் இருந்தது. உற்றுப் பார்த்தான். அழுதால் கரி வழியும். அவள் அழவில்லை. பேசினால் குரல் தெரியும். பேசவும் இல்லை.

"தெரியலியே," என்றான் கஸ்பார்.

பிறகு அவன் முகம் இளகியது. யார் வீட்டுக் கஷ்டமானாலும் அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

"என்ன தாயி, மொகமெல்லாம் இப்பிடிக் கரி? கண்ணுல பட்டா எரியும்லா?"

தோளில் கிடந்த துண்டை உருவி வாளியில் நனைத்தான். அவள் தலையை ஆட்டினாள். பின்னால் மதில்.

"அசையாம நில்லுங்க," என்று சொல்லி, திரியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஈரத்துண்டை அவள் நெற்றியில் வைத்தான்.