ராக்குவை வீட்டுக்குக் கூட்டி வந்தவள்

பவதாரணியின் ‘பச்சைக்காய்’ நாவல் வரிசையில் மூன்று பாகங்கள் வந்துவிட்டன. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. நான்காம் பாகத்தைத் தொடங்கும் முன் வாசகர்களோடு பேசலாம் என்று, போடியில் ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் கூட்டம் வைத்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் காய் தரம் பிரிக்கும் பெண்கள். பவதாரணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முதல் கேள்வி கேட்டவள் அவர்களில் ஒருத்தியான மகாராணி.

“தாயி, ராக்கு நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வர்றா. புருசன் வாயடைச்சு நிக்கிறான். அவ ஒண்ணும் பேசாம அடுப்பப் பத்த வைக்கிறா. அத எப்பிடித் தாயி எழுதுனீங்க? அன்னிக்கு எங்களுக்குச் சோலியே ஓடல.”

பவதாரணி அப்படி எழுதவே இல்லை. இரண்டாம் பாகத்தின் முடிவில் கதைநாயகி ராக்கு வீட்டைவிட்டு மழைக்குள் இறங்கிப் போகிறாள். மூன்றாம் பாகம் முழுக்க அவள் கிடையாது. புருஷன் கதவைத் தாழிடாமல் படுப்பதோடு கதை முடிகிறது. அவள் இல்லாததுதான் அந்தப் பாகமே. அதற்காகத் திரும்பத் திரும்ப அடித்து எழுதியிருந்தாள்.

“ராக்கு திரும்பி வரலியேம்மா.”

“வந்துட்டாளே! நாங்க கேட்டோம்ல!” என்று நாலைந்து குரல்கள்.

கேட்டோம் என்றதும்தான் பவதாரணிக்கு உறைத்தது. நாவலை யூடியூபில் வாசித்துப் போட ஜோதிக்கு அவள்தான் சம்மதம் கொடுத்திருந்தாள். ஜோதி போடிமெட்டில் தையல் கடை வைத்திருப்பவள். தன் வரிகளை இன்னொருவர் குரலில் கேட்கக் கூச்சமாக இருந்ததால் பவதாரணி முதல் பகுதியோடு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசி வரிசையில் இருந்து ஜோதி எழுந்தாள்.

“நாந்தாங்க்கா சேர்த்தேன். வாசிச்சு முடிச்சதும் அவள அப்பிடியே விட மனசு ஒப்பல. ரெண்டு நிமிசம்தான்.”

“வார்த்தை மாறக்கூடாதுன்னு சொல்லித்தான சம்மதிச்சேன்?”

“மாத்தலக்கா. முடிஞ்ச பெறகு சேர்த்தேன்.”

சிலர் சிரித்துவிட்டார்கள். பவதாரணிக்கு முகம் சிவந்தது. மைக்கைக் கையில் எடுத்து, ஒரு ஆள் இல்லாமல் போவதை எழுதுவது எவ்வளவு கஷ்டம், வாசகர் தவிக்க வேண்டும் என்பதற்காகவே கதவைத் தாழிடாமல் விட்டேன் என்றெல்லாம் விளக்கினாள். பேசப் பேசப் பரீட்சையில் தோற்ற பிள்ளை வாத்தியாரிடம் வாதாடுவது போலத் தனக்கே கேட்டது.

மகாராணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி தாயி. எங்களுக்கு அவ வந்துட்டா. நாலாவதுல அவளுக்கு என்ன வச்சிருக்கீங்க?” என்றாள்.

கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது பவதாரணி ஜோதியை ஓரமாக அழைத்தாள். “அந்த ரெண்டு நிமிசத்த இன்னைக்கே எடுத்துரு.”

“சரிக்கா,” என்றாள் ஜோதி. எடுத்தும்விட்டாள்.

மறுநாள் முதல் யூடியூபில் பவதாரணிக்கு வசவு வரத் தொடங்கியது. ராக்குவை என்ன செய்தாய், உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா என்று எழுதினார்கள். பவதாரணி பிடிவாதமாக நான்காம் பாகத்தை எழுதினாள். புருஷன் தனியாகச் சாப்பிடும் காட்சியை எழுத உட்கார்ந்தால் ராக்கு அடுப்படியில் நிற்பது போலவே இருந்தது. அவளை அடித்து அடித்து வெளியே அனுப்பினாள். எழுதாத ஒருத்தியை அடிப்பது எழுதியதை அடிப்பதைவிடக் கடினமாக இருந்தது.

புத்தகம் வந்தது. ஜோதி அதையும் வாசித்தாள். தொடக்கத்திலேயே, “இதுல நான் ஒரு வார்த்தகூடச் சேர்க்கல. திட்டுறதா இருந்தா அக்காவத் திட்டுங்க,” என்று சொல்லிவிட்டாள்.

இந்த முறை பவதாரணி புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். ஓரெழுத்தும் பிசகவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். எரிச்சல்தான் வந்தது. போனை எடுத்தாள்.

“ஏன் ஜோதி இவ்வளவு சப்புன்னு வாசிச்சிருக்க?”

“நீங்க எழுதினதத்தானக்கா வாசிச்சேன்.”

பவதாரணி போனை வைத்துவிட்டு, புருஷன் தனியாகச் சாப்பிடும் பக்கத்தை மறுபடி தேடி எடுத்தாள்.