முப்பத்தோரு பைகளும் ஓர் அருவியும்

பயணத் திட்டத்தை ஸ்டேஷன் மாஸ்டரே கைப்பட எழுதி, நகல் எடுத்து, குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வீடு விடாமல் கதவிடுக்கில் செருகியிருந்தார். காலை 6.00 புறப்பாடு. 8.50 கோட்டை ஊர், கோட்டை, ஒரு மணி பத்து நிமிடம். 11.30 ஏரி ஊர், ஏரி, சாப்பாடு உட்பட ஒன்றரை மணி. 3.00 அருவி, ஒரு மணி. வாயைப் பிளந்து வியப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை. அதை நடந்துகொண்டேதான் செய்துகொள்ள வேண்டும்.

அவர் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகிறது. அவருடைய விசில் மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

திட்டத்தின் அடியில் கோடு போட்டு ஒரு வரி இருந்தது: 'பைகள் பொறுப்பு: என் மனைவி.'

அவர் மனைவியை சங்கத்தில் எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிடப் பத்து வயது மூத்த இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். வெளியூர் பஸ் நிலையத்து லக்கேஜ் ரூமில் பத்தொன்பது வருஷமாக வேலை. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, பையை வாங்கி, டோக்கன் கிழித்துக் கொடுத்து, டோக்கனை வாங்கி, பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஊரார் மூட்டையைச் சம்பளத்துக்குக் காப்பவள், ஏழாவது நாள் அக்கம்பக்கத்தார் மூட்டையைச் சும்மா காக்க மாட்டாளா என்பது ஸ்டேஷன் மாஸ்டரின் கணிப்பு. 'கை பழகின வேலை' என்பார்.

இதே அருவிக்கு அவள் முன்பே இரண்டு தடவை போயிருக்கிறாள். கல்யாணமான புதிதில் மாமியாரின் செருப்பையும் பிளாஸ்க்கையும் மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட் கொட்டகையில் உட்கார்ந்தாள். அடுத்த தடவை பிள்ளைகளின் மாற்றுத் துணியோடு அதே பெஞ்சில். இரண்டு தடவையும் அருவியைக் காதால் கேட்டதோடு சரி. பக்கத்து வீட்டில் பாடும் ரேடியோ மாதிரி, சத்தம் அத்துப்படி, முகம் தெரியாது.

அதனால் இந்தத் தடவை முதல் நாளே, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"என்னங்க, நாளைக்கு நான் அருவியைப் பாக்கணும்."

"பாக்கலாம், பாக்கலாம்."

கீழே வேலை பார்த்தவர்கள் லீவு கேட்டபோதெல்லாம் அவர் சொல்லிவந்த 'பாக்கலாம்' இதுதான். அந்த ஸ்டேஷனில் லீவு கிடைத்தவர் யாரும் கிடையாது.

கோட்டையை வாடகை பஸ் 8.47க்கே அடைந்தது. மூன்று நிமிடம் முன்னதாக வந்ததில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. விசில் ஊதினார். முப்பத்தோரு பேர் இறங்கினார்கள், வாசல் மரத்தடியில் முப்பத்தோரு பைகள் விழுந்தன. அண்ணி நடுவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கோட்டையில் ஒரு மூலையும், அந்த மூலையில் காயப்போட்டிருந்த காவலாளியின் பனியனும் தெரிந்தன.

நடுவில் ஒரு தடவை ஸ்டேஷன் மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தார். "மேல வெயில் மண்டையைப் பொளக்குது" என்று குவியலைக் கிளறிவிட்டு, தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பவும் படியேறினார். அண்ணி அப்போது யாருடைய பையிலிருந்தோ ஒழுகிய தண்ணீர் பாட்டிலை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு விசில். எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

"அண்ணி, நீங்க வராததே நல்லது. வெறும் கல்லு" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு செல்போனில் வெறும் கல்லை நாற்பத்தாறு படம் காட்டினாள். ஒன்றில்கூடக் கோட்டை இல்லை. அது பூராவும் நாத்தனாருக்குப் பின்னால் இருந்தது.

"ராஜா இங்கேயிருந்துதான் எதிரி வர்றதைப் பாப்பாராம்" என்றார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். "அந்தக் காலத்துல பாலிசி எடுத்திருந்தா குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்காது."

அப்போதுதான் நாத்தனார் அலறினாள். "என் குடை எங்க? பூப்போட்ட குடை, பை மேலேயே வச்சிருந்தேனே!"

குவியலைக் கலைத்தார்கள். குடையைக் காணோம். முப்பது ஜோடிக் கண்களும் அண்ணியைப் பார்த்தன. ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வந்தபோது சம்பாதித்த மூன்று நிமிடமும் போய், மேற்கொண்டு நாலு நிமிடம் நஷ்டம்.

"ஒரு குடையைப் பத்திரமா பாத்துக்கத் தெரியலையா உனக்கு?" என்றார், வண்டி மைக்கில் அறிவிப்பு சொல்கிற அதே குரலில். "ஒரு பொறுப்பு வேணாம்? சும்மா உக்காந்துதானே இருந்தே!"

"அக்காவை விடுங்க சார், கூட்டத்துல எவனாவது..." என்று ஆரம்பித்த டிரைவரை, "நீ ரோட்டைப் பாருப்பா" என்று அடக்கினார். வண்டி அப்போது நின்றுகொண்டிருந்தது.

அண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் லக்கேஜ் ரூமில் ஒரு சீப்புகூடத் தொலைந்ததில்லை. ஏரி ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். திரும்பினாளே தவிர, ஜன்னலோரம் நாத்தனார் உட்கார்ந்திருந்ததால் அவளுடைய காதுதான் தெரிந்தது.

ஏரிக்கரையில் வண்டி நின்றதும் அண்ணி முதல் ஆளாக இறங்கினாள். டிரைவரிடம் வண்டியின் அடிவயிற்றில் இருக்கும் சாமான் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். தோளில் இருந்தது வேலைக்குக் கொண்டுபோகும் கைப்பைதான். அதற்குள் கையை விட்டு ஒரு பித்தளைப் பூட்டையும், ரப்பர் பேண்டு போட்ட டோக்கன் கட்டையும் எடுத்தாள். போன வருஷம் புது டோக்கன் அச்சாகி வந்தபோது கழித்துவிட்ட கட்டு.

"இனிமே பை வேணும்னா டோக்கன்" என்றாள். "வரிசையா வாங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு யாரோ வரிசையில் நின்றார்கள். வரிசை என்று ஒன்று உருவாகிவிட்டால் நம் ஆட்களுக்கு அதில் முந்தாமல் இருக்க முடியாது. இரண்டு நிமிடத்தில் தள்ளுமுள்ளு. டோக்கனை இரண்டாகக் கிழித்து, பாதியைப் பையின் காதில் கட்டி, பாதியைக் கையில் கொடுத்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கண் கலங்காத குறை. "இது முறை! இதைத்தான் நான் முப்பத்தஞ்சு வருஷமா சொல்லிட்டு வர்றேன்" என்று மைக்கைப் பிடித்தார். டோக்கனைத் திருப்பி, பின்பக்கம் அச்சாகியிருந்த விதிகளை ஏரி அதிர வாசித்தார்.

"விதி ஒன்று! டோக்கன் இல்லாமல் பொருள் தரப்படமாட்டாது. விதி இரண்டு! டோக்கனைத் தொலைத்தவர், பையில் உள்ளவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, சரிபார்த்தபின், மற்றவர்களுக்கெல்லாம் பிறகு கடைசியாகப் பெற்றுக்கொள்ளலாம். விதி மூன்று! காப்பாளரின் அரைமணி இடைவேளையில் அறை பூட்டப்பட்டிருக்கும். எக்காரணம் கொண்டும் திறக்கப்படமாட்டாது!" வாசித்துவிட்டு மூச்சு வாங்கினார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா? எனக்கும் சேத்துத்தான். விதின்னா விதி."

கை தட்டினார்கள். பெரும்பாலும் பசியில்.

ஏரியில் படகு விட்டார்கள். அண்ணி சாமான் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஏரி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒருவர் மாத்திரைக்கு, ஒருவர் தொப்பிக்கு, ஒருவர் பிஸ்கட்டுக்கு, பிஸ்கட் தின்றவர் தண்ணீருக்கு என்று டோக்கனை நீட்டிக்கொண்டே இருந்ததில், அவளுடைய சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை. டிரைவர் ஒரு டீயை வாங்கிவந்து கொடுத்தார்.

"அக்கா, உங்களுக்கு இடைவேளை எப்ப?"

அண்ணி டீயை ஆற்றியபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் எடுக்கல" என்றாள்.

மூன்று மணிக்கு அருவி. கொட்டகையும் அதே கொட்டகை, பெஞ்சும் அதே பெஞ்சு, மரங்களுக்குப் பின்னால் அந்தச் சத்தமும் அதேதான். மேலே பத்து நிமிட நடை. துண்டும் மாற்றுத் துணியும் பையிலேயே இருக்கட்டும், நனைந்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் அறிவித்தார். விசில் ஊதியதும் கூட்டம் மந்தையாக மேலே ஓடியது. அவரும் இன்சூரன்ஸ் ஏஜெண்டும் கைகோத்துக்கொண்டு கடைசியாகப் போனார்கள்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொட்டலத்தை மடித்து வைத்தாள். எழுந்து போய் சாமான் பெட்டியைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினாள். ஒரு டோக்கனின் ஓரத்தில் 'இடைவேளை 3.40 - 4.10' என்று எழுதிப் பூட்டின் இடுக்கில் சொருகிவிட்டு, பாதையில் ஏறினாள்.

பாதி வழியில் எதிரே வந்தது கூட்டம், சொட்டச் சொட்ட, பல் கிட்டி. முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர், சட்டை உடம்போடு ஒட்டி, விசிலிலிருந்து தண்ணீர் வடிய.

"நீ எங்க இங்க? பையெல்லாம்?"

"பூட்டியிருக்கு."

"யாரு பாத்துக்கறா?"

"பூட்டு."

"அண்ணி, குளிர் தாங்கல, துண்டு வேணும்" என்றாள் நாத்தனார்.

"நாலு பத்துக்குத் திறக்கும்."

"விளையாடறியா?" ஸ்டேஷன் மாஸ்டர் கையை நீட்டினார். "சாவியைக் குடு."

"இடைவேளைங்க. மூணாவது விதி. ஏரிக்கரையில நீங்கதான மைக்குல படிச்சீங்க. எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்கு."

"அது... அது லக்கேஜ் ரூமுக்கு!"

"உங்களுக்கும் சேத்துத்தான்னு சொன்னீங்களே சார்" என்றார் ஏஜெண்ட், நடுக்கத்திலும் விடாமல். இருபது வருஷமாக அவரிடம் ஒரு பாலிசிகூட எடுக்காத ஆள் ஸ்டேஷன் மாஸ்டர்.

"நாலு மணிக்கு வண்டி கிளம்பணும்!"

"கிளம்புங்க. பை எல்லாம் பத்திரமா உள்ளதான் இருக்கு. நான் வந்து திறந்து தர்றேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். உள்ளே இருந்த தண்ணீர் குமிழியிட்டது. அந்தச் சத்தத்துக்கு யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள். அண்ணி ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டு, மேலே ஏறினாள்.

அருவி அவள் நினைத்த அளவுக்கு உயரம் இல்லை. இரும்புக் கம்பி வேலி இருந்தது. 'இங்கே நிற்காதே, அங்கே குளிக்காதே' என்று ஏழு பலகைகள் இருந்தன. பாறை இடுக்கில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு நனைந்துகொண்டிருந்தது. அதற்கெல்லாம் நடுவில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, வெள்ளையாக, கொஞ்சமும் ஓயாமல். இந்தச் சத்தத்தை இத்தனை வருஷம் வைத்திருந்தது இதுதானா என்று அவள் ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு பாறையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். பாதம் நனைந்தது. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள், தன் செருப்பை.

ஒரு இளம் பெண் ஓடி வந்தாள். "அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? ரெண்டே நிமிஷம்."

முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்போல.

"இல்லம்மா" என்றாள் அண்ணி. "நான் லீவுல இருக்கேன்."

சரியாக 4.10க்கு அவள் கீழே வந்தபோது, வண்டிக்குப் பக்கத்தில் வரிசை நின்றது. தள்ளுமுள்ளு இல்லை. ஆளுக்கொரு டோக்கனைப் பிடித்துக்கொண்டு, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். டிரைவர் மட்டும் உலர்ந்து, டயர்மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி பூட்டைத் திறந்து, எண் பார்த்து, ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டரின் முறை வந்தது. மற்றவர்கள் டோக்கனைக் கரையில் செருப்புக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் குளித்திருந்தார்கள். டோக்கனை அவர் எல்லாரையும்விடப் பத்திரமாக, சட்டைப் பையில் வைத்து, பித்தானும் போட்டு, அதோடேயே அருவியில் நின்றிருந்தார். பித்தானைக் கழற்றி வெளியே எடுத்தது கூழ்.

அண்ணி அந்தக் கூழை வாங்கிப் பார்த்தாள். "இதுல எண் தெரியலையே" என்றாள்.

"அடி, என் பை எதுன்னு உனக்குத் தெரியாதா? நீ தச்சுக் குடுத்த பைடி!"

"தெரியுங்க. விதி ரெண்டு."

மற்றவர்கள் பை வாங்கி முடித்து, துவட்டிக்கொண்டே சுற்றி நின்றார்கள். யாரும் வண்டியில் ஏறவில்லை. கோட்டையிலும் ஏரியிலும் இவ்வளவு அக்கறையாக யாரும் நின்று பார்க்கவில்லை. ஏஜெண்ட் பேனா கொடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் பயணத் திட்ட நகல் ஒன்றின் முதுகில், வண்டியின்மேல் வைத்து எழுதினார்: 'துண்டு 1. வேட்டி 1. மாத்திரை டப்பா 1. மூக்குக் கண்ணாடி 1. செய்தித்தாள் 1.' கீழே தேதி, நேரம், கையொப்பம். பழக்கதோஷத்தில் பதவியும் எழுதி அடித்தார்.

அண்ணி பையைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பட்டியலில் டிக் போட்டாள். துண்டு. வேட்டி. டப்பா. கண்ணாடி. செய்தித்தாள். கையை இன்னொரு தடவை உள்ளே விட்டாள்.

பூப்போட்ட குடை.

"அண்ணா!" என்றாள் நாத்தனார். "அது என் குடை!"

ஸ்டேஷன் மாஸ்டர் குடையைப் பார்த்தார். கோட்டைப் படியும் மண்டையைப் பிளந்த வெயிலும் ஞாபகத்துக்கு வந்தது அவர் முகத்தில் தெரிந்தது. பட்டியலின் பின்பக்கத்துத் திட்டத்தை எட்டிப் பார்த்தார். குடைக்கென்று அதில் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

அண்ணி எல்லாவற்றையும் மடித்துப் பையில் வைத்து அவரிடம் கொடுத்தாள். குடையைக் கொடுக்கவில்லை. காகிதத்தையும் பேனாவையும் மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

"இது பட்டியல்ல இல்ல. எப்படி உள்ள வந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சத்தமா படிச்சுட்டு வண்டியில ஏறலாம்."

டிரைவர் ஓடிப்போய் மைக்கை எடுத்துவந்தார்.