கடைசியாகத் தொட்டது

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நன்றாக ஓடுகிற பொருளைப் பார்த்தாலே கை அரிக்கிற ரகம். போன வருஷம் தங்கையின் போனைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று அதிலிருந்த படங்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டான். அன்றிலிருந்து அவள் பல்பு மாட்டக்கூட அவனைக் கூப்பிடுவதில்லை. அது அவனுக்குப் பெரிய மனக்குறை.

இன்று அவளே கூப்பிட்டாள். லேப்டாப் ஆமையாய் நகர்கிறதாம். மொழிபெயர்த்த புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு அனுப்ப இன்னும் நாலே நாள்.

"விண்டோஸ் அப்படியே இருக்கும்மா. பக்கத்துலயே லினக்ஸ்னு இன்னொரு சிஸ்டம் போட்டுத் தரேன். பறக்கும் பாரு."

அவள் மேசை இழுப்பறையில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. யாரையும் கேட்காமல் லினக்ஸை அதில் ஏற்றினான். லேப்டாப் அதை ஏற்க மறுத்தது. செட்டிங்கில் 'செக்யூர் பூட்' என்று ஒரு பாதுகாப்புத் தடை இருந்தது, அதை அணைத்தான். அப்புறம் திரை கறுத்து அப்படியே நின்றுவிட்டது. சரி, பழைய விண்டோஸுக்கே போவோம் என்று பார்த்தால் நீலத் திரை. நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. அப்படியொரு எண் இருப்பதே இருவருக்கும் தெரியாது. லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தவரோ கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார்.

அவன் முழி பிதுங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"விடுண்ணா. புத்தகம் பத்திரமாத்தான் இருக்கு. இழுப்பறையில ஒரு பென் டிரைவ்ல காப்பி வச்சிருக்கேன்."

அந்தப் பென் டிரைவ் லேப்டாப்பில்தான் செருகியிருந்தது. லினக்ஸ் ஏற்றியபோது அதிலிருந்த எல்லாம் போயாச்சு. எட்டு மாத உழைப்பின் ஒரே பிரதி இப்போது நீலத் திரைக்குப் பின்னால்.

"டீ போட்டுக் கொண்டாயேன்," என்று அவளை அனுப்பினான்.

லிஃப்ட் நடுவில் நின்றால் அவன் முதலில் செய்வது ஒன்றுதான்: கடைசியாகத் தொட்டதைப் பழையபடி வைப்பது. இங்கே கடைசியாகத் தொட்டது எது? பென் டிரைவைப் பிடுங்கினான். செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தான். திரை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு சமர்த்தாக விண்டோஸ் வந்தது. உள்ளே புத்தகமும் இருந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பியது.

டீயோடு வந்தவள் குதித்தே விட்டாள். "எனக்குத் தெரியும்ணா! இனிமே எதுவானாலும் உன்கிட்டதான் குடுப்பேன்."

ஒரு வருஷமாக ஏங்கிய வார்த்தை. பென் டிரைவ் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அவள் சமையலறைக்குப் போகிற நேரம் பார்த்து, புத்தகத்தை அதில் திரும்பப் போட்டுவிடலாம்தான். ஈ காக்கைக்குத் தெரியாது.

"உன் காப்பி இருந்த இந்தப் பென் டிரைவை அழிச்சுட்டேம்மா," என்றான். "லேப்டாப் திறக்காம போயிருந்தா எதுவுமே இருந்திருக்காது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பென் டிரைவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா."

டீ ஆறிப்போயிற்று. அடுத்த வாரம் அவன் வந்தபோது மேசை இழுப்பறையில் புதுப் பூட்டு தொங்கியது.