நடுவில் ஓர் ஆள்

டாக்டர் கேட்ட கேள்வி ஜாய்சனுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அதுதான் சிக்கல். "சாய்பேக்கு அந்த அன்ஸுத்தா, கேளி" என்றார் அவர் கன்னடத்தில். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று மனைவியிடம் கேட்கச் சொல்கிறார். பசிக்கிறதா என்று விசாரிப்பதுபோல அவ்வளவு சாதாரணமான குரல். ஜாய்சன் மடியில் கிடந்த குழந்தையைச் சரிசெய்துகொண்டு பிரிஸில்லாவின் பக்கம் திரும்பினான்.

"ராத்திரில நல்லா தூக்கம் வருதான்னு கேக்குறாரு."

அதுவரையிலும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் சொல்லிவந்தான். குழந்தை அழுதால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதுபோல இருக்கிறது என்று அவள் சொன்னதை, டயர்டாக இருக்கிறாளாம் என்று கன்னடத்தில் முடித்திருந்தான். பொய் சொல்வதாக அவனுக்குத் தோன்றவில்லை. வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்லும்போது யார்தான் முழுதாகச் சொல்கிறார்கள்? அவன் விவேக் நகரிலேயே பிறந்து வளர்ந்த ஏசி மெக்கானிக். எந்த வீட்டில் எந்த மொழி என்று கதவு திறக்கும்போதே தெரிந்துகொள்வான். பிரிஸில்லா செய்யாறு பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து இத்தனை நாளாகியும் கன்னடம் அவள் வாயில் ஏறவில்லை. பிரசவத்துக்குப் பிறகு தமிழும் குறைந்துபோனது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடி நின்றாள். குழந்தை யேசு கோயிலில் வியாழக்கிழமைதோறும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். கடைசியில், குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சைக்கியாட்ரிஸ்ட் ஒருவரைப் பாருங்கள் என்றாள். ஜாய்சனுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. பைத்தியத்துக்கு அல்லவா அந்த டாக்டர்? அவன் ஏசி சர்வீஸ் செய்யும் கிளினிக்குகளில் ஒன்று இவருடையது. தெரிந்த இடம், யாரிடமும் விசாரித்து அலைய வேண்டாம் என்று இங்கே கூட்டி வந்துவிட்டான்.

பிரிஸில்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு அத கேக்கல."

"அதான்மா கேட்டாரு."

"கன்னடத்துல சாயறதுன்னா என்னான்னு எனக்குத் தெரியும். எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மியக்கா மகன்கிட்ட தெனம் செத்துத் தொலைன்னு அதானே சொல்லிக் கத்துறாங்க." பிறகு டாக்டரைப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த கேள்வியை ஜாய்சன் மாற்றவில்லை. மாற்றத் தெம்பில்லை. "ஏதாவது செஞ்சிக்கலாம்னு யோசிச்சியான்னு கேக்குறாரு."

"அப்பிடில்லாம் இல்ல. காலைல கண்ணு முழிக்காமயே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணும். அவ்ளோதான்."

அவ்வளவையும் ஒரு சொல் விடாமல் கன்னடத்தில் சொன்னான். தன் வாயால் சொல்லும்போதுதான் அது அவனுக்கு முழுதாகக் கேட்டது.

டாக்டர் பதறவில்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிற நோய்தான், குணமாகும் என்றார். தைராய்டுக்கு ரத்தம் பார்க்க வேண்டும், பால் கொடுக்கிறவர்கள் சாப்பிடக்கூடிய மாத்திரையும் இருக்கிறது, இப்போதைக்கு அவளைத் தனியாக விட வேண்டாம் என்றார். பிறகு, "இவரே பேச வேண்டும், உங்கள் வாய் வழியாக அல்ல" என்று சொல்லிவிட்டு யாருக்கோ போன் போட்டார். அல்சூரில் தமிழ் பேசும் லேடி டாக்டர் ஒருவர் அன்று சாயங்காலமே பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது ஜாய்சனுக்குத் தாங்கவில்லை. "எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல பிரிஸி?"

"சொன்னேங்க. டயர்டுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. சாயங்காலம் ஆட்டோவில் அல்சூருக்குப் போகும்போது, அங்கே இதை விட்டு வேறு ஏதாவது பேசச் சொல்லலாமா என்று யோசித்தான். புது டாக்டரிடம் எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நாக்கு துடித்தது. தன் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லுவாளோ? தன்னைப் பற்றி?

அல்சூர் டாக்டர் நரைத்த தலையைக் கிளிப்பில் முடிந்திருந்தார். வாசல்வரை வந்து, "உள்ள வாம்மா. சாப்ட்டியா?" என்றார். கூடவே எழுந்த ஜாய்சனைப் பார்த்து, "நீங்க அப்புறம் வாங்க சார். உங்ககிட்டயும் பேசணும். மொதல்ல அவங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவின் மேல்பாதி மங்கலான கண்ணாடி. குரல் வெளியே வரவில்லை. வெகுநேரம் பிரிஸில்லா அசையாமல் இருந்தாள். அப்புறம் அவன் மடியிலிருந்த குழந்தை பசியில் சிணுங்க ஆரம்பித்தது, சிணுங்கல் அழுகையானது. ஜாய்சன் எழுந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

கண்ணாடிக்கு அப்பால் பிரிஸில்லாவின் இரண்டு கைகளும் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தன. எதையோ விரித்துக் காட்டினாள், தள்ளினாள், மார்பில் வைத்தாள், மறுபடி விரித்தாள். கையை இப்படி ஆட்டிப் பேசுகிறவள் என்பதையே அவன் மறந்துபோயிருந்தான்.

ஓங்கிய கையால் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே அவன் வராந்தாவில் நடக்கத் தொடங்கினான்.