இடது பக்கத் தடுப்பு

பரக்கத்துல்லா பழைய தடுப்பைக் கழற்றிக்கொண்டு வந்து தையல் மிஷின் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து வைத்தபோது, மர்ஜானா ஒரு பிளவுஸுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். ரப்பர் பூசிய துணி அது. அவருடைய பழைய ஃபியட் காரில் முன்சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் நடுவில் திரை மாதிரித் தொங்கி, சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் இஞ்சின் மேல் படாமல் காப்பது. இப்போது ரப்பர் வெடித்துப்போய், தொட்டால் விரலில் கரியாக ஒட்டியது. சுருண்ட ஓரங்களை அவர் உள்ளங்கையால் நீவிவிட்டு, பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட, கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் கட்டைகளை மூலைக்கு ஒன்றாகப் பாரம் வைத்தார். தூங்குகிற குழந்தைக்குப் போர்வை சரிசெய்கிறவர் மாதிரி இருந்தது.

“புதுசு எங்கயும் கிடைக்காதுன்னுட்டாரு மெக்கானிக் கொளஞ்சிநாதன். ரப்பர் ஷீட்டு மட்டும் பாண்டியிலேர்ந்து வாங்கியாந்தேன். இத மேல வச்சி அப்படியே வெட்டி, ஓரம் அடிச்சிக் குடுத்துடு.”

“என் மிஷினு இத தைக்குமா?”

“நீ தைச்சா தைக்கும்.”

அந்த வார்த்தையில் அவளுக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். இடது பக்கத் தடுப்பின் நடுவில் நீல ஜீன்ஸ் துணியில் ஒரு ஒட்டு. கையால் போட்ட தையல், ஒன்று நீளம், ஒன்று குட்டை. நூலை எங்கே முடிப்பதென்று தெரியாமல் முடிச்சின் மேல் முடிச்சு.

“நிஷா தைச்சது,” என்றார் அவர். “உமைராவ சின்னப் புள்ளையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப கிழிஞ்சிடுச்சி. மறுநாளே ஒக்காந்து தைச்சிட்டா. அவளுக்கு ஊசி புடிக்கவே தெரியாது.” சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் அந்தத் தையலை மெல்லத் தடவினார். அன்று அவர் போட்டிருந்த சட்டை மர்ஜானா தைத்தது. அதில் ஒரு பொத்தான் துளையைக்கூட அவர் தடவிப் பார்த்ததில்லை.

முதல் மனைவி அமீர் நிஷா இறந்த பிறகு காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அவர் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போயிருந்தார். கம்மாபுரத்தில் அண்ணன் வீட்டில், தலாக்கான தங்கச்சியாகத் தையல் மிஷினோடு இருந்த மர்ஜானாவைக் கட்டிக்கொண்டதெல்லாம் அதற்கப்புறம். ஒரேயடியாக ஊருக்கு வந்தவர் முதல் காரியமாகத் தார்ப்பாயைத்தான் உருவினார். அன்றிலிருந்து வீட்டில் காரின் பேச்சு. காரின் பேச்சென்றால் நிஷாவின் பேச்சு. இந்தக் கண்ணாடியை ஏற்ற அவளுக்கு வராது, இந்தக் கதவை அவள் ஓங்கித்தான் சாத்துவாள். மர்ஜானா ரசத்துக்குப் புளி கரைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். உயிரோடிருக்கும் ஒருத்தியென்றால் எதிரில் நின்று சண்டை போடலாம். இவளிடம் என்ன செய்வது? இறந்தவள் மேல் பொறாமைப்படுவது பாவமென்று தொழுகையில் மன்னிப்புக் கேட்பாள். சலாம் கொடுத்து எழுந்திருக்கும்போது அது அப்படியே இருக்கும்.

மறுநாள் மதியம் அவர் கொளஞ்சிநாதன் பட்டறைக்குப் போயிருந்த நேரம் புது ஷீட்டைத் தரையில் விரித்தாள். வலது பக்கத்துக்குச் சாக்கட்டியால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டினாள். இடது பக்கத்துக்கு வந்ததும் அந்த நீல ஒட்டு கண்ணை உறுத்தியது. தைக்கத் தெரியாதவள் தைத்தது இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. அவள் கை தானாகப் போனதென்று பிறகு சொல்லிக்கொள்ள முடியாது. யோசித்துத்தான் செய்தாள். கீழ் ஓரத்தில் கோட்டுக்கு உள்ளே ஒரு விரல் அகலம் தள்ளி வெட்டினாள். ரப்பர் மிஷினில் ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவித் தூவி ஓரம் அடித்தாள். தையல் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

சாயங்காலம் அவரே காருக்கடியில் படுத்து இரண்டையும் மாட்டினார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “நல்லா வந்துருக்குது,” என்றார். அவ்வளவுதான்.

முதல் பயணமாக ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் மகள் உமைராவைப் பார்க்கப் போவதென்று முடிவு செய்தார். மர்ஜானா பின்சீட்டுக் கதவில் கை வைத்தாள்.

“முன்னாடி ஒக்காரு.”

இத்தனை நாள் அந்த சீட்டில் இன்னொருத்தியை மனசுக்குள் உட்காரவைத்தே பார்த்துப் பழகியவளுக்கு, தான் ஏறி உட்காரப்போவது உறைக்கவேயில்லை. உட்கார்ந்தாள். கதவை எவ்வளவு மெதுவாகச் சாத்த முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள். அது சரியாக மூடவில்லை. அவர் கை நீட்டித் திறந்து, ஓங்கிச் சாத்தினார்.

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முந்திரித் தோப்போரம் ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் கார் இறங்கி ஏறியது. இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அவர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். மர்ஜானாவும் இறங்கிக் குடையைப் பிடித்தாள். இடது பக்கம் மட்டும் சேறு. கரண்டு வயர்களெல்லாம் சேர்கிற மூடி மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கழற்றித் துண்டால் துடைத்தார். தடுப்பின் பக்கம் அவர் பார்வை போகவேயில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

“நான்தாங்க கம்மியா வெட்டினேன்.”

“தெரியும்.”

“எப்போ?”

“மாட்டறப்பவே. வலது பக்கம் முடி அளவுகூட பிசகல. இடது பக்கம் மட்டும் பிசகுமா?”

“அப்பவே கேட்டிருக்கலாமில்ல?”

அவர் மூடியின் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். “கேட்டா, அளவு பாக்கறதுக்கு அந்தப் பழைய துணிய மறுபடி உன் முன்னாடி விரிக்கணும். அதுக்கு மனசு வரல.”

குடையின் மேல் மழை இரைந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வந்த வாய்க்குள், இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற இந்த ஆள் நிஷாவையும் இப்படித்தானே பார்த்திருப்பார் என்ற நினைப்பு முந்திக்கொண்டு வந்தது.

“அவங்க இருந்தா இப்படி செஞ்சிருக்க மாட்டாங்க.”

“மாட்டா,” என்றார். துண்டைப் பிழிந்துகொண்டே, “அவளுக்கு எம்மேல அவ்வளவு கோவம் வந்ததில்ல,” என்றார்.

அது ஏச்சா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் மூடியை மாட்டி அழுத்தினார். “நீ டிரைவர் சீட்டுல போயி ஒக்காரு. சாவிய திருப்பிட்டு, நான் சொல்றப்ப வலது ஓரத்து பெடல மிதி.”

“எனக்குத் தெரியாதுங்க.”

“தையல் மிஷினு மிதிக்கற கால்தானே.”

செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். எதிரே தூக்கி நிறுத்திய பானெட் பச்சைச் சுவராக மறைத்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர் குரல் மட்டும் வந்தது. “இப்ப.”

சாவியைத் திருப்பி மிதித்தாள். கார் உதறியது, நின்றது, மறுபடி உதறியது. பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டு, சீட்டும் ஸ்டியரிங்கும் அவள் கைகளும் சேர்ந்து அதிர்ந்தன. “போதும், வுடு,” என்று அவர் கத்தியது கேட்டது. பானெட்டுக்கும் காருக்கும் நடுவிலிருந்த இடுக்கில், அவள் தைத்துக்கொடுத்த சட்டையின் நனைந்த கீற்று ஒன்று தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மர்ஜானா காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.