வண்டியில்லாப் பாதையில் பதினோரு வண்டி

ஹல்வார் மூன்று வருஷமாகத் தூங்கவில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். சுத்தப் பொய். மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கினார். விழித்திருந்த நேரத்தில்தான் அவருக்கு வேறு நினைப்பே கிடையாது: ஏரியை ஒட்டி, மலையடிவாரத்தில், பதினெட்டு கிலோமீட்டர் சரளைப் பாதை. அதில் சைக்கிள் மட்டும்தான் போகலாம். கார், லாரி, டிராக்டர் ஒன்றும் கூடாது. இஞ்சின் என்று பேர் சொன்னாலே ஆகாது.

எல்லாம் மகள் யோரூனுக்காக. ஐந்து வருஷத்துக்கு முன்னால், கீழே நெடுஞ்சாலையில் ஒரு கேரவன் அவள் தோளை உரசிப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போயிற்று. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. பயம் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் காதலனைப் பார்க்கவும் சைக்கிளிலேயே பறந்த பெண், இப்போது பெர்கன் நகரத்தில் நிலவறைக்குள் நின்ற இடத்திலேயே சுற்றும் சைக்கிளை மிதிக்கிறாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. அதை நினைத்தாலே ஹல்வாருக்கு மனசு ஆறாது.

"ஒரே ஒரு தடவை வர்றேம்பா," என்று போனில் சொல்லியிருந்தாள். "வடக்கு ஸ்டேஷன்ல இறங்கி உங்க ரோட்டுல ஓட்டிப் பாக்குறேன். ஆனா ஒரு காரைப் பாத்தாலும் சரி, இறங்கிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் என்னை சைக்கிள் ஓட்டச் சொல்லாதீங்க."

"காரா? நம்ம ரோட்டுலயா? நீ வாம்மா!" என்றார் ஹல்வார்.

அவள் வருகிற சனிக்கிழமைதான் கடைசி தூக்னாட். கூலி இல்லாமல் ஊரே சேர்ந்து இறங்கும் வேலை அது. வராமல் வீட்டில் உட்கார்ந்தவனிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அடுத்த இருபது வருஷத்துக்குப் பார்க்கிற பார்வை ஒன்று போதும். அதனால் குழந்தை குட்டி உட்பட மொத்த ஊரும் காலையிலேயே ஆஜர். பாதி ஜனம் வடக்கு முனை, பாதி ஜனம் தெற்கு முனை. இரண்டு முனையிலும் இரும்பு கேட் நட்டு, பக்கத்தில் ஒரு சைக்கிள் நுழையும் சந்து விட்டு, பூட்டுப் போட வேண்டும். பிறகு நடுவில் ஏரிக்கரையில் கூடி வாஃபிளும் பழுப்புச் சீஸும் காப்பியும்.

வேலை என்றால் வேலை, அப்படி ஒரு நேர்த்தி. பதினொரு மணிக்கு வடக்குக் குழு கேட்டை நட்டு, காரையெல்லாம் உள்ளே விட்டு, பின்னால் பூட்டிவிட்டு நடுவுக்கு வந்தது. எப்படியும் தெற்கு வழியாக வெளியே போய்க்கொள்ளலாம் என்று. அதே பதினொரு மணிக்குத் தெற்குக் குழுவும் கேட்டை நட்டு, காரையெல்லாம் உள்ளே விட்டு, பின்னால் பூட்டிவிட்டு வந்தது. எப்படியும் வடக்கு வழியாகப் போய்க்கொள்ளலாம் என்று.

மூன்றாவது வாஃபிள் வரைக்கும் யாருக்கும் உறைக்கவில்லை. முதலில் உறைத்தது ஆட்டுப் பண்ணை கூரோவுக்கு.

"ஏம்ப்பா ஹல்வார், எனக்கு நாலு மணிக்கு நாப்பது ஆட்டுக்குப் பால் கறக்கணும். வடக்கு கேட்டு தொறந்துதானே இருக்கு?"

"வடக்கா? அதைப் பூட்டியாச்சே. நீங்க தெற்க விட்டுவச்சிருப்பீங்கன்னு..."

"நாங்க ஏன்யா விட்டுவைக்கப் போறோம்? நீங்க வடக்க விட்டுவச்சிருப்பீங்கன்னுல்ல பூட்டினோம்!"

காப்பி குடித்துக்கொண்டிருந்த இருபத்தேழு பேரும் ஒரே சமயத்தில் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"சாவி?" என்றாள் கூரோ.

"பத்திரமா இருக்கு," என்றார் ஹல்வார். "எங்க வீட்டு அடுப்படி ஆணியில. வேலை நடக்குற இடத்துல தொலைஞ்சிடக் கூடாதேன்னு."

அவர் வீடு தெற்கு கேட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஏழு கிலோமீட்டர். போன் பண்ணலாம் என்றார் ஒருவர். யாருக்குப் பண்ணுவது? ஊர் மொத்தமும் இங்கே சீஸ் தின்றுகொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் போகிறவனைக் கைகாட்டி நிறுத்தலாம் என்றது ஒரு குழந்தை. முன்பின் தெரியாத ஆளிடம் போய்ப் பேசுவதா! பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். குழந்தையின் தாய் அதை ஒரு ஓரமாக அழைத்துப்போய்க் கண்டித்தாள்.

ஹல்வார் தலைவராக இருக்கும் பாதைச் சங்கத்தின் செயலாளர் ஸ்வெய்னுங் அதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ரிட்டயர்டு வாத்தியார், விதிப் புத்தகம் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போகாதவர்.

"ஒரு விஷயம். எல்லாரும் இங்க வந்து சேர்ந்ததும் பலகை வச்சாச்சு. இஞ்சின் வண்டிக்குத் தடை. ஆக, இப்ப யாரும் காரை ஸ்டார்ட் பண்ண முடியாது. விதியை மாத்தணும்னா பொதுக்குழு கூட்டணும். அதுக்கு ரெண்டு வாரம் முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்கணும்."

"ஆடு ரெண்டு வாரம் தாங்காது, வாத்தியாரே!"

"ஆட்டைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல."

ஹல்வார் காதில் எதுவும் விழவில்லை. வண்டியே இல்லாத ரோடு என்று மகளுக்குச் சத்தியம் பண்ணிய ரோட்டில், பதினோரு கார் வரிசையாக நிற்கிறது. இன்னும் முக்கால் மணியில் அவள் வந்துவிடுவாள். நாட்டிலேயே இவ்வளவு நெரிசலான ரோடு இப்போது வேறு இருக்காது. பாவி மனுஷன் அப்படியே கல்லில் உட்கார்ந்து, "என் பொண்ணு இனி சைக்கிளைத் தொடவே மாட்டா," என்றார். கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்க்கக் கூரோவுக்குப் பொறுக்கவில்லை. "எந்திரிய்யா. என் காருல வைக்கோல் சுத்துற பிளாஸ்டிக் நாலு உருளை கிடக்கு."

எங்கள் வயல்களில் வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிய வைக்கோல் உருண்டைகள் எங்கே பார்த்தாலும் கிடக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். ஹல்வார் ஓடிய வேகத்தில் இரண்டு தரம் தன்னையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டார். அரை மணியில் பதினோரு காரும் வைக்கோல் உருண்டை ஆகிவிட்டன. கொஞ்சம் நீளமான உருண்டைதான். ஒன்றின் மேல் ஆண்டெனா நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தொப்பியை மாட்டிவிட்டார்கள்.

யோரூன் வளைவில் திரும்பியபோது ஊரே புல்லில் உட்கார்ந்து மும்முரமாக வாஃபிள் தின்றது. மஞ்சள் சட்டை, தடித்த டயர் வைத்த சைக்கிள், முகமெல்லாம் சிரிப்பு. ஹல்வாருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஐந்து வருஷம் கழித்து அந்தச் சிரிப்பை இப்போதுதான் பார்க்கிறார்.

"அப்பா! சூப்பரா இருக்குப்பா! ஏரியும் நானும் மட்டும்தான்! ஆமா, ரோட்டோரமா யாரு இவ்ளோ வைக்கோல் போட்டது?"

"விளைச்சல்," என்றார் ஹல்வார். "இந்த வருஷம் நல்ல விளைச்சல்."

அந்த நேரம் பார்த்து நாலாவது வைக்கோல் உருண்டை ஹார்ன் அடித்தது.

அடித்தது என்றால் ஒரு தடவையா? விடாமல் அடித்தது. பழைய தபால்காரர் தார்யெய் வேலைக் களைப்பில் பின்சீட்டில் படுத்துத் தூங்கியதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. மனுஷன் விழித்துப் பார்த்தால் நாலு பக்கமும் வெள்ளை. செத்துப்போய் மேலே வந்துவிட்டோம் என்றே நினைத்தாராம். மேலே ஏன் வாஃபிள் வாசனை என்ற சந்தேகத்தில்தான் ஹார்னை அழுத்தினாராம். கூரோ கத்தியால் கிழித்து அவரை இழுத்து வெளியே போட்டாள். கிழிசலுக்குள்ளே கார் பளபளவென்று தெரிந்தது.

யோரூன் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு உருண்டையாகப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். "இது எல்லாமே காரா?"

ஹல்வார் மறைக்கவில்லை. பூட்டு, சாவி, அடுப்படி ஆணி, நாற்பது ஆடு என்று எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடியே ஒப்பித்தார். "தப்பு என் மேலதாம்மா. உன்னை ஏமாத்திட்டேன்."

அவள் சைக்கிளைப் புல்லில் சாய்த்தாள். பிறகு, "மணி என்ன?" என்றாள்.

"ரெண்டாகப் போகுது," என்றாள் கூரோ. "இப்பவே மடி கட்டியிருக்கும், பாவம் அதுங்க."

"இருக்கிறது ஒரே ஒரு சைக்கிள்," என்றார் ஸ்வெய்னுங். "சைக்கிளுக்கு விதியில தடை இல்ல. நான் போறேன்." காலைத் தூக்கிப் போட்டார். அது பூட்டு பெடல். அதற்கென்று உள்ள ஷூ போட்டால்தான் பிடிக்கும். வாத்தியார் மூன்று மீட்டர் போய், பெடல் வழுக்கி, மரியாதையாக ஏரிக்குள் இறங்கினார். ஷூவை வாங்கி ஹல்வார் முயன்றார். அவருக்குக் கால் அளவு நாற்பத்தாறு, மகள் ஷூ முப்பத்தேழு. கட்டைவிரலுக்கு மேல் நுழையவில்லை.

"குடுங்கப்பா," என்றாள் யோரூன்.

"வேணாம். அது நெடுஞ்சாலை. லாரி, கேரவன்... வேணாம்மா. நான் நடந்தே போறேன்."

"நீங்க நடந்து போய் வர ராத்திரி ஆயிடும். குடுங்க ஷூவ."

ஷூவை மாட்டி, வாரை இரண்டு தரம் அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள். ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல், தெற்கே போய்விட்டாள்.

ஹல்வார் கால் மணி நேரம் நின்ற இடத்தில் நின்றார். அதற்கு மேல் முடியவில்லை. தன் காரின் கண்ணாடியும் கதவும் இருக்கிற இடத்தில் மட்டும் பிளாஸ்டிக்கைக் கிழித்தார், உள்ளே ஏறினார், கார் சாவியைத் திருகினார்.

"தலைவரே! விதி!" என்று நனைந்த ஸ்வெய்னுங் ஓடிவந்தார்.

"விதியைக் கொண்டுபோய் ஏரியில போடுய்யா!"

"நானும் வர்றேன்," என்று கூரோ மறுபக்கம் ஏறிக்கொண்டாள். மற்றவர்கள் வரவில்லை. இஞ்சினைக் கிளப்பலாமா கூடாதா என்று அவசரக் கூட்டம் போடலாமா கூடாதா என்பதற்குக் கை தூக்கிக்கொண்டிருந்தார்கள். இப்படியாக, அந்தப் பாதையில் விதியை மீறி ஓடிய முதல் கார், பாதை போட்ட தலைவருடைய கார். வாத்தியார் அதை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார்.

தெற்கு கேட் மேட்டில் இருக்கிறது. கீழே நெடுஞ்சாலை நன்றாகத் தெரியும். ஹல்வார் கேட்டின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. திடீரென்று தூரத்து வளைவில் வண்டிகள் நீளமாகத் தேங்கி நிற்பது தெரிந்தது. கேரவன், லாரி, பஸ், பின்னால் இன்னும் கேரவன்.

"ஆக்சிடென்ட்டு," என்றார். "கூரோ, ஆக்சிடென்ட்டு. நான்தான் அனுப்பினேன்."

"நிக்கலய்யா. நகருது, நல்லாப் பாரு. முன்னால மஞ்சளா என்ன அது?"

யோரூன்தான். சாலையின் ஓரத்தில் இல்லை. நட்ட நடு லேனில், மூச்சிரைக்க மேட்டை மிதித்துக்கொண்டு வந்தாள். பின்னால் பதினான்கு வண்டிகள் ஊர்ந்து வந்தன. கேட்டுக்குத் திரும்பும் இடத்தில் கையை அகலமாக நீட்டிக் காட்டிவிட்டு, அவசரமே படாமல் திரும்பினாள்.

"ஒருத்தன் ஹார்ன் அடிச்சாம்பா," என்றாள், சாவியை நீட்டிக்கொண்டே.

"ஐயோ. நீ என்ன பண்ணே?"

"செத்தேன்னு நினைச்சேன். அப்புறம் திரும்பி ஒரு பார்வை பாத்தேன். அவன் கையை எடுத்துட்டான்."

ஹல்வார் சாவியைத் தலைகீழாகப் பிடித்துப் பூட்டுக்குள் குத்திக்கொண்டிருந்தார். அவளே வாங்கித் திறந்தாள். சைக்கிளைப் பின்னால் போட்டுக்கொண்டு காரில் ஏறச் சொன்னார். மாட்டேன் என்று தலையாட்டினாள். "நான் ரோட்டுலயே வர்றேன்."

அப்படியாகக் கிழிந்த வைக்கோல் உருண்டை ஒன்று, கூரோவின் ஆட்டுப் பண்ணையைப் பார்த்து நெடுஞ்சாலையில் இறங்கி, ஒரு சைக்கிளின் பின்னால் மணிக்கு இருபதில் போயிற்று. பின்னால் மறுபடி வரிசை சேர்ந்தது. ஹார்ன் அடித்தார்கள். ஹல்வார் அசையவில்லை.

"யோவ், மணி மூணே முக்கால். எதிர்ல ஒண்ணும் வரல. தாண்டிப் போய்யா," என்றாள் கூரோ.

"முடியாது. நான் தாண்டினா பின்னால இருக்கிறவனெல்லாம் தாண்டுவான்."

"தாண்டட்டுமே. அதுக்குத்தானே ரோடு?"

முன்னால் யோரூன் திரும்பிப் பார்த்தாள். இடது கையை உயர்த்தி, போங்க, போங்க என்று வீசினாள். அவர் போகவில்லை. இன்னொரு தரம் வீசினாள், இந்தத் தடவை கோபமாக.

ஹல்வார் இண்டிகேட்டர் போட்டார். சாலையின் அந்தக் கோடி வரைக்கும் விலகி, மகளுக்கு மூன்று ஆள் அகலம் இடம் விட்டு, அவளைத் தாண்டினார். கண்ணாடியில் மஞ்சள் சட்டை சின்னதாகிக்கொண்டே வந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து லாரி ஒன்று விலகி, அவளைத் தாண்டியது. சட்டை அப்படியே, நேராக, வந்துகொண்டிருந்தது.

"அழுறியா?" என்றாள் கூரோ.

"ஆமா."

"அழு. ஆனா கியரை மாத்து, இஞ்சின் கத்துது."