எலுமிச்சம்பழம் குத்திய கத்தி

இங்கிட்டு வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. அடுப்புல பால் இருந்தா எறக்கி வச்சிட்டு வாங்க, பாதிக் கதையில எந்திரிச்சு ஓடக் கூடாது. ஒரு கத்தியோட கதை சொல்றேன். பயப்படாதீங்க, இதுல குத்து வாங்குறது எலுமிச்சம்பழம் மட்டுந்தான்.

புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை போற வழியில தங்கமுத்து ஒரு கத்திக் கம்பெனி வச்சிருந்தார். அதுக்கு முன்னே பொன்னமராவதியில எவர்சில்வர் பாத்திரக்கடை. அத்தனை குடம் வித்தவருக்கு எஃகைப் பத்தித் தெரியாதது என்ன இருக்கப் போகுது? அப்படித் தெரியாத ஒண்ணு ரெண்டையும் சொல்லிக் கொடுக்க மச்சினன் அரவிந்த்குமார் இருந்தார், செல்போன்ல வீடியோ பார்த்தே உலோகப் படிப்பை முடிச்ச மேதை. இது போக ஆவூர்ப் பொண்ணு ஷெரினையும் சம்பளத்துக்கு வச்சிருந்தாங்க. அவ பாவம், காலேஜுக்குப் போய்த்தான் கத்துக்கிட்டா.

ரெண்டு வருசமா ஒரு புது எஃகுக்காக மெனக்கெட்டுக்கிட்டிருந்தா ஷெரின். அதுல செஞ்ச கத்தி சீக்கிரம் மழுங்கக் கூடாது, எலும்புல பட்டா வெட்டுற வாய் தெறிக்கக் கூடாது, துருவும் பிடிக்கக் கூடாது. அரசாங்க வேலை, சொந்த வீடு, அடக்கமான குணம் மூணும் உள்ள மாப்பிள்ளை தேடுற மாதிரிதான். ஒண்ணு அமைஞ்சா இன்னொண்ணு கோவிச்சுக்கும்.

எஃகை உருக்கி அச்சுல ஊத்தினா மெல்ல ஆறும். ஆறுறப்போ கார்பன் மத்த உலோகத்தோட சேர்ந்து, அவசரத்துல கிண்டின ரவை உப்புமா மாதிரி கட்டி கட்டியா நிக்கும். கத்தியோட வாய் தெறிக்கிறது அந்த எடத்துலதான். அதனால உருகி விழுற எஃகு மேல நைட்ரஜனைப் பீய்ச்சி, துளித்துளியாச் சிதறடிச்சு, பொடியாக்கிடுவாங்க. துளி கண்ணிமைக்கிறதுக்குள்ள ஆறிரும், கட்டி வளர நேரமே கெடைக்காது. அந்தப் பொடியை டப்பாவுல அடைச்சு, உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சிட்டு, நல்ல சூட்டுல நாலா பக்கமும் அமுக்கினா மறுபடியும் ஒரே பாளம். அதுதான் பொடி எஃகு.

வடக்கே ஒரு ஆலையில பொடி அடிச்சுத் தர ஒத்துக்கிட்டாங்க. மாதிரிக்கு ரெண்டு வகை வந்திருந்தது, ஒண்ணு ஷெரின் கணக்குப் போட்ட கலவை, இன்னொண்ணு அரவிந்த்குமாருடையது. ரெண்டுலயும் ஒவ்வொரு கத்தி செஞ்சாச்சு. ஆயுதபூஜை முடிஞ்சதும் பெரிய உருக்குக்கு ஆலையில ஒரே ஒரு கலவையைச் சொல்லணும். தோத்த கலவை மேசையில பேப்பர் பறக்காம இருக்க வைக்கிற வெயிட்டா ஆயிரும்.

"ஏம்மா ஷெரின், மாப்ள கலவையில குரோமியம் நூத்துக்குப் பதினெட்டு. ஒன்னோடதுல பதினொண்ணுதான். எவர்சில்வருக்கு உசுரே குரோமியந்தான?" என்றார் தங்கமுத்து.

"இருக்கிறதெல்லாம் துருவைத் தடுக்காதுங்க சார். அண்ணன் கார்பனையும் தாராளமாப் போட்ருக்காங்க. அது குரோமியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பிடிபடாம மிஞ்சுறதுதான் காவல் காக்கும். நான் கார்பனைக் குறைச்சு வனேடியங்கிற உலோகத்தைச் சேத்திருக்கேன். கார்பன் வனேடியத்தோட போயிரும். அநேகமா பதினொண்ணும் காவலுக்கு நிக்கும்."

"காவலுக்குப் பதினொரு பேர் நல்லதா, பதினெட்டுப் பேர் நல்லதா மச்சான்?" என்றார் அரவிந்த்குமார்.

"பதினெட்டுல முக்கால்வாசிப் பேரு பந்தியில போய் ஒக்காந்துட்டா என்னண்ணே செய்வீங்க?"

தங்கமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிச்சதோட சரி.

"அப்ப ரெண்டையும் உப்புத்தண்ணி டெஸ்ட்டுக்கு அனுப்பிருவோமுங்க சார்."

"நம்ம சரக்கை நாமளே சந்தேகப்படுறதா? நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதம்மா. பூஜைக்கு மறுநாள் பதினெட்டைச் சொல்லிரலாம்."

சந்தேகப்படுறதுதான் ஷெரினோட வேலைங்கிறது யாருக்கும் ஞாபகம் வரலை.

ஆயுதபூஜை வந்தது. தங்கமுத்துவோட அம்மா பிரகதாம்பாள் வந்து நின்னாங்க. அந்தக் கம்பெனியில எதிர்த்துப் பேச முடியாத ஒரே ஆள். மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சு முடிச்சு, புதுக் கத்தியைக் கொண்டாங்கன்னாங்க. அரவிந்த்குமார் தன்னுடையதைப் பட்டுத்துணியில ஏந்தி வந்தார்.

"ஆத்தா, என்னோடதையும் வச்சுக்குவீங்களா?"

"ஒங்க ஆவூர் மாதா கோவிச்சுக்க மாட்டாளே?"

"மாதா வீட்டுலயும் காய் நறுக்கித்தான ஆகணும் ஆத்தா."

பிரகதாம்பாள் சிரிச்சுக்கிட்டே ரெண்டு கத்தியையும் அரிசிப் படியில கைப்பிடி கீழாக நட்டாங்க. முனையில ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் குத்தி, அலகுல சந்தனமும் குங்குமமும் வச்சாங்க. சாறு அலகு வழியா வழிஞ்சது.

"போட்டோ எடுத்துட்டுத் தொடச்சு வச்சிரவா அத்தை?" என்றார் அரவிந்த்குமார்.

"தொட்டா கையை ஒடிச்சிருவேன். நாளைக் காலை பூஜை வரைக்கும் ஆயுதம் ஓய்வெடுக்கணும்."

ஷெரினுக்கு அப்பத்தான் சுருக்குன்னு பட்டது. உப்புத்தண்ணி மாதிரி எலுமிச்சைப் புளிப்பும் எஃகைத் துருப்பிடிக்க வைக்குமே. மனுசங்க வேண்டாம்னு தள்ளின டெஸ்ட்டு, சூடம் சாம்பிராணியோட தொடங்கிருச்சு! சந்தோசம் ஒரு நிமிசந்தான். தன் கத்தியிலயும் சாறு வழியுதே. முதலாளிகிட்ட வாய்ச்சவடால் விட்டாச்சு. கத்தியைக் காய்ச்சிப் பதம் வைக்கிறப்போ சூடு கொஞ்சம் தப்பியிருந்தாலும் போச்சு. அன்னைக்கு அவளுக்குச் சுண்டல்கூட எறங்கலை.

மறுநாள் காலையில பிரகதாம்பாள் பழத்தை உருவிட்டு, ஈரத்துணியால ஷெரின் கத்தியைத் துடைச்சாங்க. பொட்டு போச்சு. அலகு பளிச்சுன்னு இருந்தது. அரவிந்த்குமார் கத்தியைத் துடைச்சாங்க. செவப்பு போகலை.

"குங்குமம் அத்தை. நல்லா அழுத்தி வச்சிட்டீங்க."

மறுபடி துடைச்சாங்க. தேங்காய் எண்ணெய் போட்டும் தேய்ச்சாச்சு.

"நான் வச்சது மூணு பொட்டு. இதென்னடா, அம்மை போட்ட மாதிரி?"

தங்கமுத்து நகத்தால சுரண்டிப் பார்த்தார். சின்னச் சின்னக் குழி தட்டுப்பட்டது. வீடியோ தெரியாட்டியும், துருப்பிடிச்ச குடத்தைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குச் சண்டைக்கு வந்தவங்களை அவருக்குத் தெரியும். போனை எடுத்தார்.

"பதினொண்ணு," என்றார் ஆலைக்காரரிடம். "ஆமாங்க, ஷெரினோடது."

ஷெரின் தன் கத்தியை எடுத்துக் காஞ்ச துணியால ஒருதரம் துடைச்சா. தேவையே இல்லை.

மத்தியானத்துக்குள்ள அரவிந்த்குமார் எல்லாரிடமும் சொல்லிக்கிட்டிருந்தார்: "லெமன் டெஸ்ட் ஐடியா நம்மளுதுதான்."

தங்கமுத்து மட்டும் ஷெரினைத் தனியாக் கூப்பிட்டார். "கத்தி வச்சு விக்கிற டப்பாவுல மாத்திரம் குரோமியம் பதினெட்டுன்னு போட்டுக்கலாமா? பாக்க லட்சணமா இருக்கும்."

"போடலாங்க சார். பக்கத்துலயே ஆத்தா வைக்காத பொட்டையும் படம் போட்ருவோம்."

டப்பாவுல பதினொண்ணுன்னுதான் அச்சாச்சு.

சரி, எந்திரிங்க கண்ணுகளா, பால் ஆறியிருக்கும். ஒங்க வீட்டுக் கத்தி காயையும் கனியையும் மட்டுமே நறுக்கட்டும். ஒங்களுக்குக் காவல் நிக்கிறவுக பந்தியைப் பார்த்து ஓடாம வாசல்லயே நிக்கட்டும். ஒங்க அடுப்படியில பானை நெறைஞ்சு, மனுசரு நெறைஞ்சு, புள்ளைகுட்டியோட நல்லா இருங்க.